அலை குறைந்த கரை

"கையை நீட்டுங்க. முஷ்டிய இறுக்கிப் புடிங்க. சின்னப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிருக்கீங்களா?"

நவம்பர் மாதம் முழுக்க ரில்மா இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருரோ நகரத்துச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊசியைக் கண்டாலே பாதி உயிர் போய்விடும். பேச்சுக் கொடுத்தால் குத்துவது தெரியாது. முன்பெல்லாம் மழையைப் பற்றிக் கேட்பாள், உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிக் கேட்பாள். இப்போது கடலைப் பற்றி.

ஜனவரியில் அவளுக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. கூடத்தின் தலைமை அம்மாள் கையெழுத்துப் போடும்போதே, "திங்கக்கிழமையிலேருந்து சனிக்கிழமை வரைக்கும். அடுத்த திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு நீ ஊசியோட இங்க நிக்கணும். நிக்கலேன்னா இனிமே விடுப்புன்னு வாயத் தொறக்காத" என்று சொல்லித்தான் போட்டாள்.

ஒருரோவில் கடல் கிடையாது. பொலிவியா நாட்டிலேயே கிடையாது; பக்கத்து நாடான சிலிக்கோ பெருவுக்கோதான் போகவேண்டும். ஆனால் கடலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளும் அங்கே கிடையாது.

"இக்கிக்கே போனோம்" என்றார் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். "ஊரு நல்ல ஊரு. ஆனா அலை இருக்கே, எம் பையன் முழங்கால் தண்ணியிலதான் நின்னான், அப்படியே காலை வாரிடுச்சு. தலமுடியப் புடிச்சு இழுத்தேன்."

"ஆரிகாவுல லா லிசேரான்னு ஒரு எடம்மா" என்றாள் ரொட்டி விற்கும் பெண் ஒருத்தி. "ரெண்டு பக்கமும் கல்லைக் கொட்டி அணை கட்டியிருக்கான். உள்ள தண்ணி தட்டுல வெச்ச சூப்பு மாதிரி அசையாம நிக்கும். எம்மவ ஒரு வாரம் அதுலயே கெடந்தா. ஐயோ, குத்திட்டியா?"

"எப்பவோ எடுத்தாச்சு. பஞ்ச அமுக்கிப் புடிங்க. கழிப்பறை பக்கத்துல இருக்கா?"

எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தாள். அலை, நிழல், கழிப்பறை, ஆஸ்பத்திரி, போகும் நேரம் என்று பத்தி பிரித்து எழுதினாள். பகல் பதினொரு மணி வரை மேகம் மூடியிருக்கும், வெயில் இல்லை என்று நம்பிச் சட்டையைக் கழற்றினால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னதைச் சிவப்பு மையால் எழுதினாள். மூத்தவள் தைராவுக்கு ஐந்து வயது. சின்னவன் இவாருக்கு இரண்டு முடிந்திருந்தது. இருவரும் பிறந்ததிலிருந்து ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் பார்த்ததில்லை. முப்பத்து மூன்று வயதாகியும் ரில்மாவும் கடலைப் பார்த்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "புள்ளைங்களுக்காக" என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். ரில்மா, ஐந்தாம் வகுப்பு ஆசிரியரான அவள் கணவன் குரோவர், சொந்தமாக ஒரு மினிபஸ் ஓட்டும் அவள் தம்பி லிம்பர், மடியில் பத்து மாதக் கைக்குழந்தையுடன் தம்பி மனைவி மரிபெல். வண்டி லிம்பருடையது. ஆகவே போவதென்றால் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான். நடுவில் ஊதா நிறச் சோளக் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இலோவுக்குப் போவோம்" என்று ஆரம்பித்தான் குரோவர். "பெரு நாடு. நமக்கும் அவங்களுக்கும் வாய்ச்சண்டை கூடக் கெடையாது."

"எத்தன மணி நேரம் மச்சான்?"

"பதினாலு இருக்கும். நின்னு நின்னு போனாப் பதினாறு."

"பல்லு மொளைக்கிற கொழந்தைய வெச்சுக்கிட்டுப் பதினாறு மணி நேரமா? ஸ்டியரிங்கக் கழட்டி உங்க கையில குடுத்துட்டு நான் எறங்கி நடந்துடுவேன்."

"இக்கிக்கே போலாம்" என்றாள் மரிபெல். "ஒரு நாள் கடல், ஒரு நாள் கடைத்தெரு. எங்க சித்தி பொண்ணு குடும்பமும் அதே வாரம் அங்கதான் போறாங்க. கூட்டமா இருந்தா ஜாலிதானே."

"அங்க அலை ஜாஸ்தியாம்" என்று ரில்மா நோட்டைப் புரட்டினாள்.

"கடல்னா அலை இருக்கத்தான் இருக்கும் அண்ணி. அலை வேணாம்னா துணி தொவைக்கிற தொட்டியிலதான் போய் உக்காரணும்."

லிம்பர் சிரித்தான். குரோவர் சிரிக்கவில்லை. "இக்கிக்கேன்னாலும் சிலி, ஆரிகான்னாலும் சிலி. வருஷா வருஷம் மார்ச் இருபத்து மூணாந்தேதி நாப்பது புள்ளைங்களுக்கு முன்னாடி நின்னு, அந்தக் காலத்துச் சண்டையில சிலிக்காரங்க நம்ம கடலைப் பறிச்சுக்கிட்டாங்கன்னு தொண்டத் தண்ணி வத்தப் பேசறவன் நான். ஜனவரியில அங்கயே போய் அரை டிராயரோட குளிச்சுட்டு வந்தேன்னு தெரிஞ்சா?"

"தண்ணி உங்க அடையாள அட்டையக் கேக்காது வாத்தியாரே" என்றாள் மரிபெல்.

குரோவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சிறிது நேரம் யோசித்தான். பிறகு பாடம் நடத்தும் குரலில், "ஆனா ஒண்ணு. சரித்திரப்படி பாத்தா ஆரிகா நம்ம கையில இருந்ததே இல்ல. அது பெருக்காரங்க பறிகொடுத்தது. நாம பறிகொடுத்தது அதுக்கும் ரொம்பத் தெக்க."

"அதனால?"

"அதனால, அடுத்தவன் பறிகொடுத்த எடத்துல குளிச்சா நமக்கு மானக்கேடு இல்ல."

மேசையே குலுங்கும்படி சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எல்லோரும் ரில்மாவைப் பார்த்தார்கள். நோட்டு அவளிடம்தானே இருந்தது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு பத்தியாகப் படித்தாள். லா லிசேராவில் அலை குறைவு. கழிப்பறை மணலை விட்டு ஏறியதும் இருக்கிறது. நிழல் உண்டு. ஆஸ்பத்திரி பத்து நிமிடம். போக ஒன்பது மணி நேரம்.

"அப்ப லா லிசேரா" என்றாள்.

"அண்ணி சொன்னா சரிதான்" என்று மரிபெல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அண்ணிதான் பொறுப்பு, சொல்லிட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியும்போது கிளம்பினார்கள். தைரா, காற்றடைத்த ஆரஞ்சு நிற நீச்சல் வளையங்களை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு, கழற்றமாட்டேன் என்று வீட்டிலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள். கம்பளிச் சட்டை, அதன் மேல் வளையம், அதன் மேல் போர்வை. கை இரண்டும் சிறகு விரித்த கோழி போல நிற்க, இருக்கையில் பாதி இடத்தை அவளே அடைத்துக்கொண்டாள். வழியில் இறங்கி முட்டையும் உப்புக்கண்டமும் சாப்பிட்டார்கள். சஹாமா மலை பனித் தொப்பியோடு தூரத்தில் தெரிந்தபோது, "இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல எல்லை" என்றான் லிம்பர்.

ஐந்து நிமிடம் கழித்து பிரேக் போட்டான். முன்னால் ஒரு லாரி நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. வளைவு வரை லாரிகளாகவே நின்றன.

லிம்பர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு அரை மணி கழித்துத் திரும்பினான். "மறியல். கியாராபம்பான்னு ஒரு ஊரு. ரோட்ல பாறாங்கல்லா உருட்டி வெச்சுட்டாங்க."

"எதுக்கு?"

"தண்ணிக்கு. கொழாய் போட்டு ரெண்டு வருஷமாச்சாம், இன்னும் காத்துதான் வருதாம். அமைச்சர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"எப்ப வர்றாராம்?"

"அது அமைச்சருக்கே தெரியாதாம்."

"திரும்பிடலாமா?" என்று குரோவர் பின்னால் எட்டிப் பார்த்தான். அதற்குள் அவர்களுக்குப் பின்னால் ஒன்பது லாரிகள் மூக்கோடு மூக்காக நின்றுவிட்டன. ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளம். மினிபஸ்ஸை அப்படியே தூக்கித்தான் திருப்பவேண்டும்.

"சாயங்காலம் தொறந்துடுவாங்க" என்றான் லிம்பர். அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

முதல் நாள் கெட்டுப்போகவில்லை. லாரி டிரைவர்கள் பந்து விளையாடினார்கள். இவாரைக் கோல்கீப்பர் என்று நிறுத்தி வைத்து அவன் காலில் பட்டதற்கெல்லாம் கை தட்டினார்கள். தைரா சிவப்பு வாளியில் ரோட்டோரப் புழுதியை அள்ளிக் கோட்டை கட்டினாள். காய்ந்த புழுதி நிற்கவில்லை. "கடல் மண்ணு ஈரமா இருக்கும், அது நிக்கும்" என்று ரில்மா சமாதானம் சொன்னாள். யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆலங்கட்டி மழை பெய்தது. மினிபஸ்ஸுக்குள் ஏழு பேர் மூச்சு விட்டதில் கண்ணாடி எல்லாம் வியர்த்தது. கொண்டுவந்த ரொட்டி தீர்ந்தது. மரிபெல்லின் குழந்தைக்கு டயப்பர் மூன்றுதான் மிச்சம். மழை விட்டதும் ரில்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, தைராவைக் கையில் பிடித்துக்கொண்டு, மறியல் நடக்கும் இடத்துக்கு நடந்தாள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வண்டியை மட்டுமாவது விடச் சொல்லிக் கேட்கலாம் என்று எண்ணம்.

பாறைகளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் அகலப் பாவாடையை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கம்பளி நூல், கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலை. யார் தலைவி என்று கேட்டாள். நாற்பது வயது இருக்கும் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பெயர் லியோகாதியா.

"அக்கா, நாங்க ரெண்டு குடும்பம். கைக்குழந்த ஒண்ணு, சின்னப் புள்ளைங்க ரெண்டு..."

"எங்க போறீங்க?"

ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தைராவின் கையில் ஆரஞ்சு வளையங்கள் இருந்தன.

"ஆரிகாவுக்கு."

"எதுக்கு?"

"கடலுக்கு."

பெண்கள் நூல் சுற்றுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் பாஷையில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லியோகாதியா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "குளிக்கப் போறீங்க" என்றாள், விலை விசாரிப்பது போல. "அவ்வளவு தண்ணியா இருக்குமா அங்க?"

"நானும் பாத்ததில்ல அக்கா."

"கடல்காரம்மா, இங்க வா" என்று லியோகாதியா எழுந்து, பின்னால் இருந்த ஒரு நீல டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே பாதி டப்பா தண்ணீர். ரில்மா குனிந்து பார்த்தாள். அந்த நிறத்தை அவள் வேலை செய்யும் இடத்தில் சோதனைக் குழாய்களில்தான் பார்த்திருந்தாள். அது குடிக்கும் தண்ணீரின் நிறமல்ல.

"லாமா குடிக்கிற குட்டையிலேருந்து அள்ளுறோம். போக வர ஒண்ணரை மணி நேரம். ஏழு வயசுல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒரு நடை, வந்து ஒரு நடை. நீ சொல்லு. உன் வண்டிய விடட்டுமா?"

ரில்மா தைராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் வண்டிய விட்டா, பின்னால ஒரு கல்யாண வண்டி நிக்குது. அத விட்டா, தக்காளி அழுகுதுன்னு ஒருத்தன் அழறான். எல்லாரையும் விட்டுட்டா நாங்க இங்க உக்காந்து என்னத்துக்குப் புண்ணியம்? எங்கள யாரு திரும்பிப் பாப்பா?"

"புரியுது அக்கா."

"புரியுதுன்னு சொல்றவங்களத்தான் நாங்க ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் லியோகாதியா. பிறகு, ரில்மா திரும்பி நடக்கும்போது கூப்பிட்டு, "கொழந்தைக்குத் துணி வேணும்னா வா. பழைய துணி கிழிச்சுத் தர்றேன். தண்ணிதான் கெடையாது" என்றாள்.

அன்று மாலையே போய் ரில்மா அந்தத் துணியை வாங்கிவந்தாள். மரிபெல் அதை வாங்கி, மடித்துக் குழந்தைக்குக் கட்டினாள்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, மேட்டில் ஏறினால் போனுக்கு சிக்னல் கிடைக்கிறது என்று டிரைவர்கள் கண்டுபிடித்தார்கள். மரிபெல் ஏறிப் போனாள். இறங்கி வரும்போது முகம் சிவந்திருந்தது. மினிபஸ் கதவை இழுத்துத் திறந்து, போனை ரில்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இக்கிக்கே. அவள் சித்தி பெண் அனுப்பிய படம். நீலம். நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு. கரையில் மூன்று குழந்தைகள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணி? அலை எங்க இருக்கு, சொல்லுங்க. கணுக்கால் அளவு கூட இல்ல. அந்த ரோட்ல மறியலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. திங்கக்கிழமை மத்தியானமே போய்ச் சேந்துட்டாங்க."

"மரிபெல்" என்றான் லிம்பர்.

"நான் பேசத்தான் செய்வேன். நோட்டுப் போட்டு எழுதினாங்களே, அலை எவ்வளவு, கக்கூஸ் எவ்வளவு தூரம்னு. எல்லாம் எழுதினாங்க. ஊரெல்லாம் கேட்டாங்க. ரோட்ல கல்லு இருக்குமான்னு மட்டும் யாரையும் கேக்கல."

"அத யாரு சொல்ல முடியும்?" என்றான் குரோவர்.

"அப்ப எதுக்கு நோட்டு?"

ரில்மா நோட்டைப் பைக்குள் திணித்தாள். பதினோரு வருடமாகக் குழாய்க்குக் குழாய் பெயர் ஒட்டி, இது இன்னாருடையது, இதில் இன்னது இருக்கிறது என்று ஒரு எழுத்துப் பிசகாமல் வேலை பார்த்தவள். கவனமாக இருந்தால் தப்பு நடக்காது என்று நம்பியே வளர்ந்தவள். தைராவும் இவாரும் போனைப் பிடுங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அது நீலக் கட்டங்களாக உடைந்தது. இவார் "தண்ணி, தண்ணி" என்றான். அவனுக்குத் தாகம். கொண்டுவந்த குடிதண்ணீரில் இரண்டு பாட்டில்தான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை எதுவும் நடக்கவில்லை. அமைச்சர் கிளம்பிவிட்டார் என்றார்கள். பிறகு அமைச்சர் இல்லை, அவருக்குக் கீழே ஒருவர் என்றார்கள். தக்காளி லாரிக்காரர் அழுகாததைப் பொறுக்கி ஒவ்வொரு வண்டிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். காலை தக்காளி, மத்தியானம் தக்காளி. லியோகாதியாவின் மகள் இந்தப் பக்கம் வந்து, தைராவின் வாளியைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது, "இது ரொம்பச் சின்னது, சீக்கிரம் நெறையும்" என்றாள். எதை நிரப்பினாள் என்று ரில்மா கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கல்லை உருட்டினார்கள். யாரோ ஒரு அதிகாரி வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினைந்து நாளில் தண்ணீர் வரும் என்று தாளில் இருந்ததாம். லியோகாதியா அந்தத் தாளை மார்போடு அணைத்தபடி ரோட்டோரம் நின்றாள். மினிபஸ் நகரும்போது ரில்மா கண்ணாடியை இறக்கினாள். இரண்டு பேரும் கையை மட்டும் ஆட்டினார்கள்.

"அக்கா, என்ன பண்ணலாம்? நீதான் சொல்லணும்" என்றான் லிம்பர்.

"எல்லை வரைக்கும் போய்ப் பாக்கலாம்" என்றாள்.

நாலு நாள் தேங்கிய வண்டி அத்தனையும் எல்லை வாசலில் போய் நின்றது. வரிசை மூன்று கிலோமீட்டர். உள்ளே இருப்பவர்கள் வேகமாகத்தான் முத்திரை குத்தினார்கள். ஆனால் வண்டி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். ஒரு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டி போனது. இருட்டியதும் மூடினார்கள். மறுநாள் காலை திறந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் லிம்பர் நடந்துபோய் எண்ணிவிட்டு வந்தான். முன்னால் இன்னும் எழுபத்தெட்டு வண்டி.

ரில்மா கணக்குப் போட்டாள். இன்று மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் நடு இரவுக்கு மேல் ஆரிகா. ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்ச நேரம் கடல். பத்து மணிக்கெல்லாம் கிளம்பவேண்டும். இதே எல்லை, இதே வரிசை, அந்தப் பக்கத்திலிருந்து. திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் ஊசியோடு நிற்கவேண்டும். கணக்கை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போட்டுப் பார்த்தாள். ஒரே விடைதான் வந்தது.

"திரும்பிடலாம்" என்றாள்.

மரிபெல் சரி என்று தலையை ஆட்டினாள். அவளுக்குக் கோபம் தீர்ந்து களைப்புதான் இருந்தது. லிம்பர் சாவியைத் தொட்டான்.

"இருங்க" என்றான் குரோவர்.

எல்லோரும் திரும்பினார்கள். ஐந்து நாள் தாடி, கசங்கிய சட்டை, மடியில் தூங்கும் இவார். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். அந்த மலைக்கு அந்தப் பக்கம் எறக்கம்தான். ஒரு மணி நேரம் போதும் ரில்மா. காலை நனைச்சுட்டு வந்துடலாம்."

"நீதானே சிலிப் பக்கமே போக வேணாம்னே?"

"சொன்னேன். இப்ப சொல்றேன், போகணும்."

"திங்கக்கிழம நான் வேலையில இல்லேன்னா..."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

குரோவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "பதினாலு வருஷமா ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லிக்கிட்டு வர்றேன், கடல் அப்படி இருக்கும் இப்படி இருக்கும்னு. நான் பாத்ததே இல்ல. ஒரு பய என்னக் கேட்டதில்ல, சார் நீங்க பாத்திருக்கீங்களான்னு. கேட்டா என்ன சொல்றதுன்னு வருஷா வருஷம் பயந்துக்கிட்டே நிப்பேன்."

கல்யாணமாகி எட்டு வருடம். ரில்மாவுக்கு இது தெரியாது. அவன் இளவயதில் ஒருமுறை போய்வந்தவன் என்றுதான் நினைத்திருந்தாள். அவனும் அப்படி நினைக்கும்படியே விட்டிருந்தான். தானும் பார்த்ததில்லை என்று அவனிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. சொன்னால் போகத் தோன்றிவிடும் என்று பயந்து சொல்லவில்லை. அவன் தோளில் கையை வைத்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வரிசையில் ஒரு வண்டி இடம் நகர்ந்திருந்தது.

"அக்கா, முன்னாடி போகட்டுமா, வெளிய எடுக்கட்டுமா?" என்றான் லிம்பர். "சீக்கிரம் சொல்லு."

"வெளிய எடு" என்றாள்.

வண்டி வரிசையிலிருந்து விலகியதும் அவர்கள் விட்ட இடத்தைப் பின்னால் இருந்த லாரி உடனே நிரப்பிக்கொண்டது. வழி நெடுக மழை. கியாராபம்பாவைத் தாண்டும்போது ரோட்டோரம் ஆள் யாரும் இல்லை. உருட்டிவிட்ட கற்கள் மட்டும் பள்ளத்தில் கிடந்தன. தைரா இரண்டு தடவை "எப்ப வரும்?" என்று கேட்டாள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். அவள் தூங்கும்போதே ரில்மா கை வளையங்களின் மூடியைத் திறந்து, காற்றை மெல்ல அமுக்கி வெளியே விட்டாள். வளையம் இருந்த இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது.

இரவு ஒன்பதரைக்கு ஒருரோ. லிம்பர் பைகளை இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போம் அக்கா" என்றான். மரிபெல் கீழே இறங்கி வந்து, என்ன நினைத்தாளோ, ரில்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பியது.

வீட்டில் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த குளிர். குரோவர் இரண்டு குழந்தைகளையும் படுக்கையில் போட்டுப் போர்த்திவிட்டு வந்தான். ரில்மா கதவருகே பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"பசிக்குதா?" என்றான். "நூடுல்ஸ் இருக்கு. அரிசியும் இருக்கு. எது வைக்க?"

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நூடுல்ஸா, அரிசியா. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னக் கேக்காத குரோவர்" என்றாள். "தயவுசெஞ்சு எதையும் என்னக் கேக்காத."

அவன் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டு, எதற்கானாலும் முதலில் வேண்டுமே என்று, பாத்திரத்தில் தண்ணீரை வைத்து அடுப்பைப் பற்றவைத்தான்.